பழைய நிப்புக்குத் திறந்த கழுத்து

மூடிப்போன ஒரு பேனா கம்பெனியின் பெயர் மறுபடி கடைக்கு வருகிறது என்றால், பேனா சேகரிக்கிறவர்கள் விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்குவதில்லை. மூடியைக் கழற்றி நிப்பில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கழுத்தைத் திருகி எடுத்து, மை உள்ளே எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். பெயரை விலைக்கு வாங்கிவிடலாம், வேலைப்பாட்டை அப்படி வாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் எஸ்டர்புரூக் திரும்பி வந்தபோதும் இந்தச் சோதனை நடந்தது. அதில் அந்தப் பேனா பாதி தேறியது. ஆனால் தேறிய பாதி முக்கியமான பாதி என்பது என் கட்சி.

ரிச்சர்ட் எஸ்டர்புரூக் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். எஃகு நிப் தொழிலுக்கு அன்று உலகத் தலைநகர் பர்மிங்காம். அங்கே தேர்ந்த கைவினைஞர்களை அழைத்துக்கொண்டுபோய், 1858-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் தொழில் தொடங்கினார். தொட்டு எழுதும் கட்டைப் பேனாவில் செருகுகிற எஃகு நிப்புகள்தான் சரக்கு. அவை கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டு அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கும் கணக்குப்பிள்ளைகளின் மேசைகளுக்கும் போயின. ‘பீனட்ஸ்’ சித்திரக்கதையை வரைந்த சார்லஸ் ஷுல்ஸின் கைக்குப் பழகியது எஸ்டர்புரூக்கின் ‘ரேடியோ 914’ நிப். கம்பெனி மூடப்போகிறது என்று தெரிந்ததும் மிச்சமிருந்த இருப்பை அவரே வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு நிப்பின் அருமை அதை வைத்துப் பிழைக்கிறவனுக்குத்தான் தெரியும்.

பார்க்கரும் வாட்டர்மனும் ஷேஃபரும் தங்க நிப் போட்டு விற்ற காலத்தில், எஸ்டர்புரூக் 1930களில்தான் மைப்பேனாவுக்கு வந்தது. ஒரு டாலர் விலையில் அது விற்ற பேனாவைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘டாலர் பென்’ என்றே சொல்கிறார்கள். 1940களில் ‘ஜே’ வந்தது. கோடுகோடாய் ஒளி ஓடும் பிளாஸ்டிக் உடம்பு. சாம்பல், நீலம், பச்சை, சிவப்பு, செம்பு நிறங்கள். சில ஆண்டுகளில் இரு முனையிலும் கறுப்புக் குமிழ் வைத்த வடிவம் நிலைபெற்றது. ஒல்லியாக ஒன்று ‘எல்ஜே’, குட்டையாகவும் ஒல்லியாகவும் ஒன்று ‘எஸ்ஜே’. அழகான பேனாதான். ஆனால் சேகரிப்பாளர்கள் அதைக் கொண்டாடுவதற்குக் காரணம் அந்த உடம்பு இல்லை.

அதன் நிப்பைக் கையால் திருகிக் கழற்றிவிடலாம். நிப், அதற்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கட்டை, மரை போட்ட வளையம் மூன்றும் சேர்ந்து ஒரே துண்டு. ‘ரீ-நியூ-பாயின்ட்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பல்பு மாற்றுகிற மாதிரி நிப் மாற்றலாம். நிப் வளைந்துபோனால் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, கடைக்காரரிடம் வேறொரு நிப் வாங்கித் திருகிக்கொண்டால் போதும்.

ஒவ்வொரு நிப்பிலும் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் தரத்தைச் சொல்லும். 1, 2 என்று தொடங்கினால் எஃகையே நுனியில் மடித்துத் தேய்த்த நிப். 9 என்று தொடங்கினால் நுனியில் கடினமான உலோகக் கலவைப் பொட்டு வைத்த உயர்தர நிப். மற்ற மூன்று இலக்கங்கள் எப்படி எழுதும் என்பதைச் சொல்லும். 2668 பொதுவான நடுத்தர எழுத்துக்கு. 1555 கிரெக் சுருக்கெழுத்துக்காரர்களுக்கு; கிரெக் முறையில் கோட்டின் நீளம்தான் பொருள் தரும், தடிமன் தராது, அதனால் வளையாத மெல்லிய நுனி. 9461 கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுகிறவர்களுக்கு, அசையாத விறைப்பு. 2284 அகலமான பட்டை நிப். 9128 அழுத்தினால் விரிந்து கொடுக்கும் நுண்முனை. 9314 இடப்பக்கமாகச் சாய்த்து வெட்டிய பட்டை. இந்த எண்களை உற்றுப் பார்த்தால் ஒரு பரம்பரை தெரியும். 9314-ல் உள்ள 314 அதே கம்பெனியின் பழைய தொட்டெழுதும் நிப் ஒன்றின் எண். கேம்டன் தொழிற்சாலையில் பல தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு, ஒரு மரை வளையத்துக்குள் ஏறி மைப்பேனாவுக்கு வந்திருக்கிறது. கணக்கெழுதுகிறவர், சுருக்கெழுத்தர், ஓவியர், பள்ளிப் பிள்ளை என்று அவரவர் கைக்கு ஒரு நிப். சாதாரணச் சம்பளக்காரனின் கையையும் மதித்து, உன் கை எப்படிப் போகும் என்று கேட்ட பேனா இது.

எனக்குப் பிடித்தது 9314. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். இந்த நிப்பில் எழுதினால் கோடு ஒரு திசையில் தடித்து, இன்னொரு திசையில் மெலிந்து ஓடும். ழகரத்தின் கீழ்ச்சுழியிலும் ஞகரத்தின் வளைவிலும் அந்த ஏற்றஇறக்கம் தெரிகிறபோது, கிறுக்கலான கையெழுத்தும் கொஞ்சம் மரியாதை பெறுகிறது.

பழைய ஜேயைப் பழுதுபார்ப்பதும் எளிது. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர் பையை நசுக்கும், விட்டால் பை மையை உறிஞ்சிக்கொள்ளும். காலப்போக்கில் பெரும்பாலும் அந்தப் பைதான் இறுகி நொறுங்கும். கழுத்தை மெதுவாகச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய பையைச் சுரண்டி எடுத்துவிட்டு, 16-ஆம் எண் பையை அளவாக நறுக்கி, அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் தடவி ஒட்டினால் பேனா மறுபடி எழுதும்.

பால்பாயின்ட் வந்ததும் இந்தக் கம்பெனி தாங்கவில்லை. அதிபர் லிண்டன் ஜான்சன் சட்டங்களில் கையெழுத்திட எஸ்டர்புரூக் பேனாக்களைப் பயன்படுத்திய அதே பத்தாண்டிலேயே வீழ்ச்சியும் வந்தது. 1967-ல் வீனஸ் பேனா-பென்சில் கம்பெனியோடு இணைந்தது. 1970களின் தொடக்கத்தோடு கதை முடிந்தது.

2014-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துப் பேனா விற்றபோது சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். அந்தப் பேனாக்களின் உருவத்தில் பழைய ஜேயின் சாயல் இல்லை, நெம்புகோல் இல்லை, மாற்றும் நிப் இல்லை. மூடியில் பெயர் மட்டும் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. 2018-ல் பெயர் நியூயார்க்கின் கென்ரோ நிறுவனத்திடம் போனது. அவர்கள் கொண்டுவந்த பேனாவுக்கு, சேகரிப்பாளர்கள் பழைய எஸ்டர்புரூக்கைச் செல்லமாகக் கூப்பிட்ட ‘எஸ்ட்டி’ என்ற பெயரையே வைத்தார்கள்.

எஸ்ட்டி நல்ல பேனா. வழவழப்பான அக்ரிலிக் உடம்பு, வண்ணத்துக்குள் வண்ணம் மிதக்கும் ஆழம். மூடிக்குள் வில் வைத்த சிறு கிண்ணம் ஒன்று இருக்கிறது. மூடும்போது லேசாக அழுத்தித் திருக வேண்டும், அது நிப்பைக் காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். அந்த அழுத்தலே தொல்லை என்கிறவர்கள் உண்டு. பல நாள் தொடாமல் கிடந்த பேனா எடுத்ததும் எழுதுவதை அனுபவித்தவர்கள் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

குறை சொல்கிறவர்களின் முதல் குறை நிப். அது ஜெர்மனியின் ஜோவோ தொழிற்சாலை செய்யும் ஆறாம் எண் நிப். எத்தனையோ கம்பெனிகளின் பேனாக்களிலும் அதே நிப்தான், மேலே பொறித்த சின்னம்தான் வேறு. மையைச் சீராக விடும், தாளைக் கீறாது. ஆனால் நிப் செய்வதற்கென்றே பிறந்த கம்பெனி, நிப்பை வெளியிலிருந்து வாங்கலாமா? இரண்டாவது குறை விலை. டாலர் பேனா விற்ற பெயரில் இன்று நூற்றைம்பது டாலருக்கு மேல் கேட்கிறார்கள். மூன்றாவது குறை, நெம்புகோல் போய், மை அடைத்த கார்ட்ரிட்ஜும் மை உறிஞ்சும் கன்வெர்ட்டரும் வந்தது. மூன்றாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கன்வெர்ட்டரைக் கழுவுவது எளிது, மை மாற்றுவதும் எளிது. முதல் இரண்டும் உண்மையான குறைகள்.

ஆனால் கென்ரோ இன்னொன்றும் செய்தது. தனியாக விற்கும் ஒரு சிறு அடாப்டர். எஸ்ட்டியின் நிப்பைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினால், பழைய ரீ-நியூ-பாயின்ட் நிப்புகள் அப்படியே அதில் திருகிக்கொள்ளும். ஷுல்ஸ் காலத்துத் தொழிற்சாலையில் அச்சடித்த 9314, இன்றைய பேனாவின் கழுத்தில் உட்கார்ந்து எழுதுகிறது. பெரிய உடம்பில் அந்தச் சிறிய நிப் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும் என்பது உண்மை. எழுதத் தொடங்கினால் கண் அதை மறந்துவிடும். பழமைப் பற்றுள்ள சேகரிப்பாளர்களிலும் பலர் மனம் இளகியது இந்த இடத்தில்தான். டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்த நிப்புகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது.

இதன் பெருமை பார்க்கர் 51-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். 1941-ல் வந்து, நம் ஊரிலும் பெரியவர்களின் சட்டைப்பைகளை ஆண்ட பேனா அது. 2021-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிப்பை மறைக்கும் கூரிய முகம் அப்படியே இருக்கிறது. ஆனால் தள்ளினாலே மூடிக்கொள்ளும் பழைய மூடிக்குப் பதிலாக மரை போட்ட மூடி. நிப்புக்குப் பின்னால் மையைத் தேக்கி வைத்திருந்த அடுக்குத் தகடுகள் இல்லை. முகத்தைக் காப்பாற்றினார்கள், உள்ளே இருந்த பொறியியல் போய்விட்டது. எஸ்ட்டியின் முகம் பழையதுபோல இல்லை. ஆனால் பழைய பேனாவின் உயிரான பாகத்துக்கு அதன் கழுத்தில் இடம் உண்டு. இந்த இரண்டில் எது மறுபிறப்பு என்று கேட்டால், நான் எஸ்ட்டியின் பக்கம்தான் கை காட்டுவேன்.

ஒரு பழைய பேனாவை மீட்பது என்றால் அதன் படத்தைப் பார்த்து உருவம் செய்வது போதாது. அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ, அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். எஸ்டர்புரூக்கின் கேள்வி கையைப் பற்றியது. அடாப்டர் அதற்குப் பாதி விடை. மீதிப் பாதி, ரீ-நியூ-பாயின்ட் நிப்புகளைச் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் புதிதாக அச்சடிப்பது. கென்ரோ அதைச் செய்யும் நாளில் எஸ்டர்புரூக் முழுதாகத் திரும்பிவிட்டது என்று சேகரிப்பாளர்களே சொல்வார்கள். அதுவரை, வாசகருக்கு நான் சொல்வது இதுதான்: எஸ்ட்டி வாங்குவதாக இருந்தால் அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், பை மாற்றிய ஒரு பழைய ஜேயும் இரண்டு மூன்று நிப்புகளும் போதும், எஸ்ட்டியின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். எதை வாங்கினாலும் அலமாரியில் வைக்காமல் தினமும் எழுதுங்கள்.