இலைமேல் குடியிருக்கும் இளஞ்சிவப்பு

எங்கள் கொல்லை திருவண்ணாமலைப் பக்கம், சுத்த மானாவாரி. ஆடியில் மல்லாட்டை (நிலக்கடலை) விதைத்துவிட்டு அப்புறம் வானத்தைப் பார்த்தபடி கிடப்போம். பூத்து விழுது இறங்குகிற சமயத்தில் மழை இரண்டு வாரம் ஏமாற்றினால் போதும், தலையில் துண்டு.

போன ஆடிப்பட்டத்திலும் மழை அப்படித்தான் ஏமாற்றியது. ஆனால் என் கையில் பிபிஎஃப்எம் பாட்டில் இருந்தது! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்கென்று பரிந்துரைக்கும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர்க் கரைசல் அது. மெத்தைலோபாக்டீரியம் என்பது உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் பெயர். பத்து லிட்டர் டேங்குக்கு 100 மில்லி கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனைய அடித்தேன். நாலு சால் செடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பக்கத்துக் கொல்லை மாமா, “என்னடா, மழை இல்லாத ஊர்ல ரோஸ்மில்க் தெளிக்கிற?” என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். இந்தப் பூச்சியின் கதை தெரிந்தால் யாருக்கும் மயக்கம் வரும். (பூச்சி இல்லைதான், செல்லமாக அப்படி அழைத்துப் பழகிவிட்டது.) இலை வளரும்போது அதன் துளைகள் வழியாக மெத்தனால் கசிகிறது. நமக்கு விஷமான அந்தச் சரக்குதான் இவருக்குச் சாப்பாடு. வாடகையாகச் செடிக்கு சைட்டோகைனின், ஆக்சின் என்று வளர்ச்சி ஊக்கிகளைத் தருகிறார். தண்ணீர் பஞ்சம் வந்தால் செடி எத்திலீனைக் கூட்டி இலையைச் சீக்கிரமே பழுக்க வைத்துவிடும். இவருடைய இனத்தில் சில வகைகள், அந்த எத்திலீனாக மாற வேண்டிய பொருளையே சிதைத்துவிடுகின்றன. இலை பச்சையாக நின்று இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கிறது.

ஒரு வேளாண் கல்லூரியில் கண்ட காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மெத்தனால் கலந்த அகர் தட்டில் சாதாரண இலை ஒன்றை அழுத்தி எடுத்துவிட்டார்கள். சில நாளில் அந்தத் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகளாலேயே ஓர் இலை வரைந்தாற்போல் இருந்தது! நாம் தெளிப்பதற்கு முன்பே இலைமேல் குடியிருப்பவர்கள். நாம் கூட்டத்தைக் கூட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில்கூட இந்த இனத்தில் புது வகை கிடைத்து, 2021-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிஞர் அஜ்மல் கான் பெயரால் மெத்தைலோபாக்டீரியம் அஜ்மலி என்று பெயரிட முன்மொழிந்தார்கள். சிதம்பரத்தில் இருக்கும் பல்கலைக்கழக அறிஞரின் பெயர் விண்வெளி வரை!

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடிக்கு முந்தைய வருஷம் வேலை மிச்சமாகட்டும் என்று பூஞ்சாணக்கொல்லியோடு ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். உயிரையும் அதைக் கொல்கிற மருந்தையும் ஒரே குடத்தில் ஊற்றினால் என்ன ஆகும்? காசு தண்டம். இன்னொன்று, மண்ணில் பொட்டு ஈரமும் இல்லாமல் செடி சருகான பிறகு அடித்துப் பயனில்லை. வாட்டம் தொடங்கும்போதே அடிக்க வேண்டும்.

போன ஆடிப்பட்டத்தில், நான் தெளித்த பதினேழாம் நாள்தான் மழை வந்தது. அதுவரை உச்சிவெயிலில் தொங்கிய இலைகள் சாயங்காலம் நிமிர்ந்துகொண்டே இருந்தன. விட்டுவைத்த நாலு சால் மட்டும் மஞ்சளாகிக் கீழிலை கொட்டிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் அதில் பாதிக்குப் பாதி பொக்கு. மாமா வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார், சிரிக்கவில்லை. பாட்டில் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

என் வீட்டுக்காரிக்குத்தான் கோபம். “அடுத்த வருஷம் அந்த நாலு சாலையும் சேர்த்து அடிச்சுடு. பாக்கவே பாவமா இருக்கு.”