இரண்டாவது பதிவு

முதலில் எழுதியதே அசல், பின்னால் செய்யும் திருத்தமெல்லாம் சந்தைக்காக என்றொரு எண்ணம் நம்மிடையே வெகுகாலமாக இருந்து வருகிறது. நானும் அந்த ரீதியில் எழுதியிருக்கிறேன். நண்பர் ஒருவர் தன் பழைய கவிதையைத் தொகுப்பில் மாற்றி வெளியிட்டபோது துரோகம் என்கிற அளவுக்குப் போனேன். 'பெட் ஷாப் பாய்ஸ்' என்ற ஆங்கிலேய இருவர் குழுவின் முதல் பாட்டான 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்', அதன் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபின் அந்த வார்த்தை உறுத்துகிறது.

நடனக்கூடப் பாட்டை இந்தப் பக்கங்களில் பேசுவதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: பாட்டை எழுதிப் பாடிய நீல் டெனன்ட், எலியட்டின் 'த வேஸ்ட் லேண்ட்' தனக்குத் தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார். யார் பேசுகிறார்கள் என்ற அறிவிப்பே இல்லாமல் குரல்கள் மாறிமாறி வருவது அவரைப் பிடித்திருக்கிறது. இன்னொரு தூண்டுதல் 1982இல் வந்த 'த மெசேஜ்' - நியூயார்க்கின் வறிய தெருக்களைச் சொல்லும் ராப். அந்தப் பேச்சு முறையை ஆங்கிலேய உச்சரிப்பில், உணர்ச்சி காட்டாத குரலில் செய்து பார்த்தார்.

டெனன்ட் அப்போது 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகையில் இருந்தார். 1983இல் பத்திரிகை வேலையாக நியூயார்க் போனவர், தானும் கிறிஸ் லோவும் வியந்த தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவைச் சந்தித்தார். 1984 ஏப்ரலில் முதல் இசைத்தட்டு. அமெரிக்க மேற்குக்கரை நடனக்கூடங்களில் ஓடியது, பிரிட்டனில் கேட்பாரில்லை. பிறகு ஆர்லாண்டோவிடமிருந்து விலகி, ஸ்டீஃபன் ஹேக் தயாரிப்பில் மறுபதிவு. 1985 அக்டோபரில் வெளிவந்து 1986இல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம்.

நம் சூத்திரப்படி இரண்டாவதுதான் வியாபாரம். காதோ வேறு சொல்கிறது. முதல் பதிவில் லயம் விரட்டுகிறது. மின்தாளம் முன்னால் நின்று அடிக்க, வார்த்தைகள் அதன் பின்னால் ஓடுகின்றன. நகரத்தைக் கண்டு மிரண்டவனின் பேச்சு, ஆடுகிறவர்களின் காலுக்கு ஏற்ற பேச்சாகிவிடுகிறது. சந்தைக்குப் பணிந்தது என்றால் அதுதான் பணிந்தது. ஹேக் வேகத்தைக் குறைத்தார். முதலில் தெரு இரைச்சல், காலடிச் சத்தம். அதன்மேல் இசை மெல்லக் கவிகிறது. ஹெலெனா ஸ்ப்ரிங்ஸின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. இப்போதுதான் குரல்களுக்கிடையே இடம் கிடைக்கிறது. அதாவது எலியட்டிடம் கற்றது இப்போதுதான் கேட்கிறது.

முதல் பதிவில் சோவியத் ஸ்டாலினின் பெயரை வைத்து ஒரு சொல்விளையாட்டு உண்டு. இரண்டாவதில் அது போய்விட்டது. கெட்டிக்காரத்தனமான வரி, நான் ரசித்த வரியும்கூட. ஆனால் அது பயந்தவன் பேசக்கூடியதல்ல.

எலியட் லாய்ட்ஸ் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தபோது எழுதியதைப் பவுண்ட் எப்படி வெட்டித் தள்ளினார் என்பதை 1971இல் வந்த கைப்பிரதிப் பதிப்பு காட்டியது. (வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த விவரத்தில் ஒரு அற்ப சந்தோஷம்.) அதைச் சந்தைக்கான திருத்தம் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை. பவுண்ட் வெட்டினால் கலை, ஹேக் வெட்டினால் வியாபாரமா?

முதல் பதிவில் ஒரு இளமையான அவசரம் இருக்கிறது, மறுக்கவில்லை. மறுபதிவின் நிதானத்தில் அது காணாமல் போயிற்று.

நண்பர் நீக்கிய நான்கு வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். நல்ல வரிகள். அந்தக் கவிதைக்கு அவை வேண்டியிருந்தனவா என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.