மலிவுப் புருவ ஜெல்: பொருளும் புளுகும்

புருவ மயிரைப் படிய வைப்பதற்கென்று சிறு குப்பிகளில் விற்கப்படும் ஜெல்லைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புகள் வழக்கில் உள்ளன. விலை குறைந்தது, ஆகவே மட்டமானது என்பது ஒன்று. புருவம் அடர்த்தியாக வளரும் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறதே, ஆகவே நல்லது என்பது மற்றொன்று. குப்பிக்குள் இருப்பது என்ன என்பதை இரு சாராருமே பார்ப்பதில்லை.

புருவத்துக்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா என்று சிலர் நகைக்கக்கூடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹாவும் உடன் பணியாற்றியோரும் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புகழ்பெற்றவர்களின் படங்களில் கண்களை மட்டும் நீக்கியும், புருவங்களை மட்டும் நீக்கியும் காட்டினார்கள். கண்கள் இல்லாத முகத்தைவிடப் புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காண்பதே கடினமாக இருந்தது! முகத்தின் முகவரியே அங்கேதான் இருக்கிறது போலும்.

இனிக் குப்பியைத் திறப்போம். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் கார்போமர் என்னும் பொருள். இது அக்ரிலிக் அமிலத்தால் ஆன பாலிமர், அதாவது நெடுஞ்சங்கிலி மூலக்கூறு. அமில நிலையில் இதன் சங்கிலிகள் சுருண்டு கிடக்கும். சிறிது காரம் சேர்த்தவுடன் சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னூட்டங்கள் தோன்றி ஒன்றையொன்று விலக்கும். சுருள்கள் விரிந்து தண்ணீரைத் தம்முள் சிறைப்படுத்திக் கொள்ளும். நூறு பங்குத் தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு பங்குக்கும் குறைவான கார்போமரே போதும்.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இதற்காகப் புருவ ஜெல்லை வீணாக்க வேண்டியதில்லை; கார்போமர் சேர்ந்த தலைமுடி ஜெல் ஒரு தேக்கரண்டி போதும். அதில் சிறிது சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்கள். கெட்டியாக நின்றது பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீர்த்துப்போகும். உப்பின் அயனிகள் சங்கிலியின் மின்னூட்டங்களை மறைத்துவிடுவதால், விரிந்தவை மீண்டும் சுருங்கிவிடுகின்றன.

ஆனால் மயிரைப் பிடித்து நிறுத்துவது வேறொரு பாலிமர். பாலிவினைல் பைரோலிடோன் என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பி.வி.பி. பல ஜெல்களில் இதுவோ இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றோ இருக்கும். தடவியபின் தண்ணீர் ஆவியாக, பி.வி.பி. மெல்லிய படலமாக உலர்கிறது. அடுத்தடுத்த மயிர்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் பற்றவைத்தாற்போல் அவற்றை இணைத்துவிடுகிறது. புருவ ஜெல்லின் வித்தை அவ்வளவுதான்.

இந்தப் பி.வி.பி. அரிய சரக்கா என்றால், இல்லை. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் பணிபுரிந்த வேதியியலறிஞர் வால்டர் ரெப்பே 1930களின் இறுதியில் இதை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் குருதி இழந்த வீரர்களுக்குக் குருதி நீர்மத்துக்கு மாற்றாக இதன் கரைசலை ஏற்றினார்கள். 1950களில் தலைமுடித் தெளிப்பான்களில் புகுந்தது. இன்று மாத்திரைகள் உதிராமல் பிடித்து வைப்பதும் இதுவே. காயத்துக்குப் போடும் பழுப்பு நிறப் போவிடோன் அயோடின் மருந்தில் 'போவிடோன்' என்பதும் சாட்சாத் இந்தப் பி.வி.பி.தான். இவ்வளவு சாதாரணமான ஒரு பொருளைக் கொண்டு தயாராகும் ஜெல் மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை. விலை மிகுதியாக இருந்தால்தான் காரணம் கேட்க வேண்டும். உயர்ந்த விலைக் குப்பியிலும் இதே பாலிமர் இருக்குமானால், கூடுதல் பணம் தூரிகைக்கும் குப்பிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்றே கொள்ளலாம். தூரிகையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மலிவுக் குப்பிகள் சிலவற்றில் இமை மயிருக்கான பெரிய தூரிகையையே போட்டுவிடுகிறார்கள். அது வேண்டியதற்கு மேல் ஜெல்லை அள்ளிக்கொண்டு வரும். தடித்த படலம் உலர்ந்து நொறுங்கி, பொடுகு போல் வெள்ளைத் துகள்களாக உதிரும். குப்பியின் வாயில் தூரிகையை ஒருமுறை நன்றாக வழித்துவிட்டுத் தடவினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

'24 மணி நேரம் கலையாது' என்னும் வாசகத்தைத்தான் ஏற்க முடியவில்லை. எந்தக் காற்றில் 24 மணி நேரம்? பி.வி.பி. தண்ணீரை விரும்பும் பொருள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, உறுதியாக நின்ற படலம் இளகிப் பிசுபிசுக்கும். குளிரூட்டிய அறையில் மாலைவரை நிற்கும் புருவம், சென்னையிலோ தூத்துக்குடியிலோ பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு நண்பகலுக்குள் தளர்ந்துவிடலாம். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஜெல்லைத் தடவி உலரவிட்டு, ஒன்றை வெளியிலும் மற்றொன்றைச் சிறிது தண்ணீர் வைத்து மூடிய டப்பாவிலும் ஓர் இரவு வைத்திருந்து தொட்டுப் பாருங்கள்; வேறுபாடு விரலுக்கே தெரியும். வினைல் அசிடேட்டைச் சேர்த்து உண்டாக்கும் கூட்டுப் பாலிமர் இவ்வளவு ஈரத்தை இழுப்பதில்லை. கடலோர ஊர்க்காரர்கள் உறையில் 'விபி/விஏ கோபாலிமர்' என்ற பெயரைத் தேடுவது பயன் தரும். விலையைவிட நம்பத்தக்க அடையாளம் அது.

புளுகு என்று தலைப்பில் சொன்னது வளர்ச்சி பற்றிய வாசகத்தை. விளக்கெண்ணெய், பயோட்டின், பாந்தெனால் ஆகியவற்றின் பெயர்களைப் பெரிய எழுத்தில் போட்டுப் புருவம் வளரும் என்கிறார்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்கு மேற்படாதவை பின்னால் எந்த வரிசையிலும் வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்னும் பாதுகாப்புப் பொருளுக்கு ஐரோப்பிய விதிகள் வைத்துள்ள உச்சவரம்பு 1 சதவீதம். அந்த வரம்புக்கு உட்பட்ட ஜெல்லில், அதன் பெயருக்குப் பின்னால் நிற்பவை எல்லாம் 1 சதவீதத்தைத் தாண்டாதவை. பெட்டியின் முகப்பில் கொடி பிடிக்கும் பெயர்கள் பல, பின்புறத்தில் அந்தக் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்பதைக் காணலாம்.

அளவு கூடினால் மட்டும் வளர்ந்துவிடுமா என்றால், அதற்கும் தக்க சான்று இல்லை. நம் வீடுகளில் புருவத்துக்கு விளக்கெண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. எண்ணெய் பட்ட மயிர்கள் சேர்ந்து படிந்து கருத்துப் பளபளப்பதால் அடர்த்தி கூடியதாகத் தோன்றுகிறது. தோற்றம் மெய், வளர்ச்சி அன்று. புருவ மயிர் சில வாரங்களே வளர்ந்து, ஓய்ந்து, உதிர்வது. அந்தச் சுழற்சி தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலில் நடக்கிறது. மேலே உலரும் படலத்துக்கு அங்கே வேலையில்லை. கண்ணிமை மயிரை உண்மையிலேயே வளர்க்கும் பிமாட்டோபுரோஸ்ட் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்தது. அது கண் அழுத்த நோய்க்கான மருந்து. பக்க விளைவுகளும் உண்டு.

நிறம் சேர்ந்த ஜெல்களில் வழக்கமாக இருப்பது இரும்பு ஆக்சைடு, கழுவினால் போய்விடும். அது சில மணி நேரத்தில் போகிறதே என்று தலைச்சாயத்தைப் புருவத்தில் தடவுவோர் இருக்கிறார்கள். இது பெரும் ஆபத்து. 1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தால் சில பெண்கள் பார்வை இழந்தனர். ஒருவர் உயிரையே இழந்தார். அதிலிருந்தது பாரா ஃபீனைலீன்டையமீன். இன்றும் பல தலைச்சாயங்களில் இருப்பது. ஒப்பனைப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 1938ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வருவதற்கு இந்தக் கொடுமையும் ஒரு காரணம். புருவத்துக்கோ இமைக்கோ பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை இத்தகைய தலைச்சாய உறைகளில் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. படித்துப் பாருங்கள்.

விலை எதுவானாலும் ஜெல்லுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. தோலைத் தொட்ட தூரிகை ஒவ்வொரு முறையும் குப்பிக்குள் திரும்பிப் போகிறது. இதே அமைப்புள்ள இமை மைகளில் சூடோமோனாஸ் பாக்டீரியா வளர்ந்து விழிவெண்படலத்தில் புண் உண்டாக்கியதை 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். விடுதித் தோழிகள் நால்வர் ஒரே குப்பியைப் பகிர்ந்துகொள்வது சிக்கனமாகாது. தீரும் தறுவாயில் ஜெல் உலர்ந்துபோனால் தண்ணீர் விட்டுக் கலக்குவதும் கூடாது; பாதுகாப்புப் பொருளும் சேர்ந்தே நீர்த்துப்போகும். பல குப்பிகளில் மூடி திறந்த டப்பாவின் சிறு படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதங்களுக்கே பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள்.