மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ நாவலில் தாயும் மகனும்

‘தாய்’, ரஷ்ய எழுத்தாளர் மக்சீம் கார்க்கி (1868–1936) 1906-இல் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது எழுதிய நாவல். சோர்மவா என்னும் ஆலைக் குடியிருப்பில் 1902-இல் நடந்த மே தின ஊர்வலமும், அதில் கைதான தொழிலாளி பியோத்தர் சலோமவ், அவருடைய தாய் அன்னா ஆகியோரின் வாழ்க்கையும் இதற்கு மூலம். தமிழில் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்தார். மு. கருணாநிதி இக்கதையைத் ‘தாய் காவியம்’ என்று கவிதை வடிவில் எழுதினார். தமிழ் வாசகர் பலருக்கு இது மேடைப் பேச்சுகள் வழியாகவே அறிமுகமானது. அதனாலேயே கட்சிப் பிரசார நூல் என்று சிலர் ஒதுக்குவதும் உண்டு. ஆனால் நாவலை இயக்குவது கொள்கையைவிட, மகனுக்கு என்ன நேருமோ என்ற ஒரு தாயின் அச்சமே.

பெலகேயா நீலவ்னாவுக்கு நாற்பது வயது. கணவன் மிகயீல் குடிகாரன். அவனுடைய அடியின் தழும்பு அவள் புருவத்தின் மேல் நிலைத்துவிட்டது. பதினான்கு வயது மகன் பாவெல் ஒருநாள் சுத்தியலைக் கையில் எடுத்துத் தந்தையை எதிர்த்து நிற்கிறான். அதற்குப்பின் தந்தை அவனைத் தொடுவதில்லை. தந்தை இறந்த சிறிது காலத்தில் மகனும் குடித்துவிட்டு வீடு திரும்புகிறான். கணவனின் வாழ்க்கை மகனிடமும் தொடர்ந்துவிடுமோ என்பதே அவளுடைய முதல் அச்சம். அவன் குடியை விட்டுப் புத்தகங்களோடு உட்காரும்போது அச்சம் நீங்குவதற்குப் பதில் உருமாறுகிறது. இப்போது அவள் அஞ்சுவது சிறையை.

நாவலின் திருப்புமுனையும் இந்த அச்சத்தில்தான் பிறக்கிறது. சதுப்பு நிலத்தை வற்றச் செய்யும் செலவுக்கென்று கூலியில் ரூபிளுக்கு ஒரு கோபெக் பிடிக்க ஆலை நிர்வாகம் முடிவு செய்கிறது. அதை எதிர்த்துப் பேசிய பாவெல் கைதாகிறான். அவன் உள்ளே இருக்கும்போதும் ஆலைக்குள் துண்டறிக்கைகள் வந்துகொண்டே இருந்தால், பழி அவன்மேல் மட்டும் விழாது. இதைத் தோழர்கள் சொன்னதும், சாப்பாடு விற்பவளாக ஆலைக்குள் போய் அவற்றைச் சேர்ப்பதாக அவளே முன்வருகிறாள். அவளுடைய முதல் அரசியல் செயல் மகனை மீட்க ஒரு தாய் செய்யும் தந்திரம்தான். கார்க்கியின் நுட்பம் இங்கே இருக்கிறது. அவள் நூல்களைப் படித்து மாறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே, அதுவும் மகனுக்குத் தெரியாமல், பின்னர்தான் கற்கிறாள்.

மகனின் பக்கம் அன்பு அவ்வளவு இயல்பாக வெளிப்படுவதில்லை. மே தினத்தில் கொடியேந்தப் போவதாகப் பாவெல் சொல்லும்போது அவள் கலங்குகிறாள். மனிதனைக் கட்டிப்போடும் அன்பும் உண்டு என்று அவன் கடுமையாகப் பேசிவிடுகிறான். தாயிடம் வீரம் காட்டுகிறாயா என்று நண்பன் அந்திரேய் அவனைக் கடிந்துகொள்ளும் அந்தக் காட்சி, நாவலின் பல நீண்ட சொற்பொழிவுகளைவிட ஆழமானது. வளர்ந்த பிள்ளைக்குத் தாயின் கவலை சுமையாகத் தோன்றுவது எந்த நாட்டிலும் நடப்பதுதானே.

குறைகளும் உண்டு. பாவெல் போகப்போகக் கல்லில் செதுக்கியவன்போல் ஆகிவிடுகிறான். இரண்டாம் பாகத்தில் வரும் தோழர்கள் பலர் ஒரே குரலில் பேசுகின்றனர். அந்திரேய், குடியானவர்களிடம் போய்ச் சேரும் ரீபின் ஆகிய இருவர் மட்டுமே மனத்தில் தனித்து நிற்கின்றனர்.

இறுதிக் காட்சி இக்குறைகளை மறக்கச் செய்கிறது. பாவெலுக்குச் சைபீரியாவில் குடியேற்றத் தண்டனை விதிக்கப்படுகிறது. நீதிமன்றத்தில் அவன் ஆற்றிய உரை அச்சாகிறது. அதைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு அவள் ரயில் நிலையம் வருகிறாள். உளவாளி ஒருவன் கவனிப்பதைக் கண்டதும், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கிறாள். உள்ளே இருப்பவை மகனின் சொற்கள். அவற்றை எப்படி விட்டுவிட்டுப் போவது? தாள்களைக் கூட்டத்தில் வீசுகிறாள்.

புடோவ்கினின் 1926-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், மகனைக் காப்பாற்றுவதாக எண்ணி ஒளித்துவைத்த ஆயுதங்களைத் தாயே காட்டிக்கொடுக்கிறாள். முடிவில் தாயும் மகனும் இறக்கின்றனர். நாவலில் காவலனின் கை அவள் கழுத்தை நெரிப்பதோடு கதை நின்றுவிடுகிறது. அவள் பிடிபட்ட செய்தி பாவெலை எட்டியதா என்பதைக் கார்க்கி சொல்லவில்லை.