பத்து ரூபாயின் நாகரிகம்

மதுரையில் சாப்பாட்டுக் கடை நடத்திய ராமு தாத்தாவை நினைக்கிறவர்கள் முதலில் சொல்வது விலையைத்தான்: ஒரு முழுச் சாப்பாடு பத்து ரூபாய். டீயே பத்து ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் அந்தக் காசுக்குச் சோறா என்று வியக்கிறோம். வியப்பு நியாயம்தான். ஆனால் நான் நின்று ரசிக்க விரும்புவது வேறு இடத்தில். அந்தப் பத்து ரூபாயை அவர் கைநீட்டி வாங்கிக்கொண்டாரே, அங்கே. அவர் வாழ்க்கையின் நயமெல்லாம் அந்த ஒரு செய்கையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

திருமங்கலம் பக்கத்து வில்லூர்க்காரர் அவர். இளம் வயதில் வடலூர் போனார். வள்ளலாரின் தருமச்சாலையில் பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறு போடுவதைப் பார்த்தார். அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1967இல், ராமு தாத்தா மதுரையில் சாப்பாட்டுக் கடை போட்டார். சாப்பாடு ஒன்றேகால் ரூபாய்.

1967 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் சுவை தெரியும். அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்து தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்றிய ஆண்டு அது. ரூபாய்க்குப் படியரிசி என்ற வாக்குறுதி மேடைக்கு மேடை ஒலித்தது. அரிசி பெரும் பொருளாக இருந்த நேரத்தில், அரிசியை அள்ளிப் போடுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டார் ஒருவர்.

வடலூரில் சோறு தருமம். பார்த்துவிட்டு வந்தவர் அதை அப்படியே மதுரையில் செய்யவில்லை. கடை போட்டார், விலை வைத்தார். இந்த மாற்றத்தில் எவ்வளவு யோசனை இருக்கிறது பாருங்கள். சன்னிதியில் கையேந்துவது யாருக்கும் இழுக்கில்லை. கும்பிட வந்த இடத்தில் எல்லோரும் சமம். நகரத்து வீதி அப்படியில்லை. நேற்று வரை தன் காசில் சாப்பிட்டவன் இன்று வரிசையில் நின்று சும்மா வாங்கிச் சாப்பிட வேண்டுமென்றால் உடம்பு கூசும். அவனிடம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டால், அவன் சாப்பிட வந்த ஆள். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லலாம். ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்லலாம். சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, யாருக்கும் கடன்படாதவனாகத் தெருவில் இறங்கலாம்.

கடை இருந்த இடம் அண்ணா பேருந்து நிலையத்துக்கு அருகில். அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கலெக்டர் ஆபீசும் தூரமில்லை. மனுக் கொடுக்க வந்தவர்கள், கூலி வேலைக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள், எல்லோரையும்விட நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், இவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவரின் பசி தனி ரகம். படுக்கையில் இருப்பவருக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு. துணைக்கு வந்தவருக்குக் கிடையாது. கையில் இருக்கும் காசு மாத்திரைக்கும் ஆட்டோவுக்கும் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கும் என்று பிரிந்து கிடக்கும். அப்படிப்பட்டவர் முதலில் வெட்டுவது தன் வயிற்றைத்தான். காலையில் ஒரு டீ, மதியம் ஒரு பன் என்று ஓட்டுவார். அவருக்கு எதிரே சோறும் சாம்பாரும் ரசமும் மோரும் தொடுகறியும் பத்து ரூபாய்க்கு இருந்ததால், தன் வயிற்றையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அந்தப் பத்தும் இல்லாதவருக்கும் அங்கே சோறு இருந்தது. இருப்பதைக் கொடுத்தால் போதுமாயிருந்தது.

இன்னொரு நயம், காலம். ஒன்றேகால் ரூபாய் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் பத்தில் நின்றது. அவர் கடை தொடங்கிய ஆண்டில் ஒரு சவரன் தங்கம் நூறு ரூபாய்க்கும் கீழே. 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, தொண்ணூறைத் தாண்டிய வயதில் அவர் மறைந்தபோது சவரன் முப்பத்தைந்தாயிரத்தையும் தாண்டிவிட்டது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் ஏறிக்கொண்டே போக, ஒரு மனிதர் தன் விலையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அன்னதானம் செய்ய மனம் நெகிழ்ந்தால் போதும். ஆயிரக்கணக்கான காலைகளில் விடியுமுன் எழுந்து அதே உலையை வைக்க நெகிழ்ச்சி போதாது; உறுதி வேண்டும். வீட்டாரும் கூடவே நின்று உழைத்தார்கள். அலங்காரம் இல்லை, ஆடம்பரமான பட்டியல் இல்லை. செலவை எங்கெல்லாம் குறைக்கலாமோ அங்கெல்லாம் குறைத்து, இலையில் விழும் சோற்றை மட்டும் குறைக்காமல் வைத்திருந்தது அவருடைய தொழில் திறமை. கருணையைப் புகழும்போது இந்தத் திறமையை விட்டுவிடுகிறோம். இது இல்லாவிட்டால் கருணை ஆறு மாதத்தில் கடையை மூடியிருக்கும்.

சோறு போடுவதில் இப்படி வேறு வேறு அழகுகள் உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓட்டல் வைத்திருந்த கெத்தேல் சாகிப்பை, ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ சிறுகதை வழியாகத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவரிடம் விலையே இல்லை. சாப்பிட்டவர் தன்னால் ஆனதை ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம்; போட்டாரா, எவ்வளவு போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை. கோவை வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றார். 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்திலும் இட்லிக்கு ஒரு ரூபாய், சாம்பார் சாதத்துக்கு ஐந்து ரூபாய் என்று விலை இருந்தது. சாகிப் தன் பார்வையைத் திருப்பிக்கொண்டு மரியாதை செய்தார். ராமு தாத்தாவும் கமலாத்தாளும் காசை வாங்கிக்கொண்டு மரியாதை செய்தார்கள். வழி இரண்டு, காப்பாற்றப்பட்டது ஒன்றுதான், சாப்பிடுகிறவரின் தலைநிமிர்வு.

நான் இதை எழுதுவது சென்னைக்கு அருகே உள்ள மணிமங்கலத்திலிருந்து. ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இரண்டிலும் தொழிற்சாலைகள். பழைய ஏரியும் ராஜகோபாலப் பெருமாள் கோயிலும் தர்மேஸ்வரர் கோயிலும் உள்ள ஊரில் இப்போது கம்பெனி பஸ் ஹாரன் கேட்டுத்தான் பொழுது விடிகிறது. நைட் ஷிப்ட் முடிந்து இறங்கும் பையன்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் உண்டு, ஒடிசா, பீகார்க்காரர்கள் உண்டு. பலர் காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள். கம்பெனிக்குள் கேன்டீன் இருக்கிறது. வெளியே இருக்கும் நேரத்துக்கும் லீவு நாளுக்கும் மெஸ்தான் கதி.

இங்கே ஒரு சின்ன மெஸ்ஸில் நான் கவனித்ததைச் சொல்ல வேண்டும். மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பையன்களுக்கு ஒரு நீளநோட்டு. மாசக் கடைசியில் சிலருக்குப் பாக்கி ஏறி நிற்கும். மெஸ் நடத்தும் அக்கா சாப்பிடும் நேரத்தில் அந்த நோட்டைத் தொடுவதே இல்லை. பையன் எழுந்து குழாயடிக்குக் கை கழுவப் போன பிறகுதான் எடுத்து அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். பாக்கியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் வாசலில், தனியாக, இரண்டு வார்த்தை. ஒருமுறை ஒரு பையன், “அக்கா, இன்னும் சம்பளம் ஏறல” என்று இலைக்கு முன்னாலேயே ஆரம்பித்தான். “அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி, மோர் ஊத்தட்டுமா?” என்று வாளியைச் சாய்த்துவிட்டார். அவன் பாக்கியை அவர் தள்ளுபடி செய்யவில்லை. அது அவருக்குக் கட்டுப்படியாகாது. சாப்பிட உட்கார்ந்தவனைக் கடன்காரனாக உட்கார வைக்கவில்லை, அவ்வளவுதான். ராமு தாத்தா பத்து ரூபாயை வாங்கிக்கொண்டதும் இந்த அக்கா நோட்டைத் தள்ளி வைத்ததும் ஒரே பண்பிலிருந்து வருகின்றன.

வள்ளுவர் விருந்துக்கு அனிச்சப் பூவை உவமை சொன்னார். பூ முகர்ந்தால் வாடும். விருந்தாளியோ முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுவான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனும் விருந்தாளிதான் என்று நினைக்கிற கடைக்காரர்கள் இந்த உவமையைத் தினமும் மூன்று வேளை கடைப்பிடிக்கிறார்கள். அவர்களில் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

ராமு தாத்தாவின் பெயர் பத்திரிகையில் வந்தது. அவர் போனபோது மதுரை அவரை நினைத்தது. அப்படி எல்லோருக்கும் வாய்க்காது. ஆயிரக்கணக்கான பேர் வீட்டுச் சோற்றை விட்டுவிட்டு வந்து பிழைக்கும் இந்தப் பகுதியில், கையைச் சுருக்காமல் கரண்டியைச் சாய்க்கிறவர்களை அவர்கள் இருக்கும்போதே அடையாளம் கண்டு சொல்ல வேண்டும். சாப்பாடு எவ்வளவு மலிவு என்பதோடு நிறுத்திவிடாமல், அங்கே சாப்பிட்டு எழுகிறவன் எப்படி எழுந்து போகிறான் என்றும் பார்த்துச் சொல்வோம். கை கழுவிவிட்டு, “வரேன்க்கா” என்று தலை நிமிர்ந்து சொல்லிப் போகிறான் என்றால், அந்தக் கடைக்காரருக்குரிய பாராட்டை அவனே சொல்லிவிட்டான்.