இலங்கையின் நேர மாற்றமும் காலவலயத் தரவும் (1996–2006): ஒரு திறனாய்வு

கடந்தகால நேரத்தைக் கணிக்கக் கணினிகள் பெரிதும் சார்ந்திருப்பது பால் எகர்ட் தொகுத்துவரும் காலவலயத் தரவுத்தளத்தையே ஆகும். அதன் ‘ஏசியா/கொழும்பு’ பதிவின்படி, இலங்கை நேரம் 1996 மே 25 அன்று ஒரு மணிநேரம் முன்னகர்த்தப்பட்டது. அக்டோபர் 26 அன்று அரைமணி பின்னகர்ந்தது. 2006 ஏப்ரல் 15 அன்று பழைய ஐந்தரை மணி வேறுபாட்டிற்கு மீண்டது.

இது அரசாணையின் வரலாறு; மக்கள் வழங்கிய நேரத்தின் முழு வரலாறு அன்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 1996ஆம் ஆண்டு மாற்றம் ஏற்கப்படவில்லை. தொகுப்பாளரும் இதனை அறிவார். அப்பகுதியினர் ‘ஏசியா/கொல்கத்தா’ பதிவைப் பயன்படுத்தலாம் எனக் கோப்பில் குறித்துள்ளார். 1970க்குப் பின் அப்பகுதிகளின் நேரம் இந்திய நேரத்தோடு ஒத்திருந்தமையே அவர் காட்டும் காரணம்.

இத்தீர்வு இருவகையில் குறையுடையது. முதலாவதாக, கோப்பிலுள்ள விளக்கக் குறிப்பை மென்பொருள் கருத்திற்கொள்வதில்லை. 2001இல் கிளிநொச்சியில் பழைய நேரப்படி குறிக்கப்பட்ட பிறப்பு நேரத்தைக் கொழும்புப் பதிவைக்கொண்டு உலக நேரமாக மாற்றினால், அது அரைமணி முந்திக் காட்டும். இரண்டாவதாக, கட்டுப்பாட்டு எல்லை நிலையானதன்று. யாழ்ப்பாண நகர் 1995 டிசம்பரிலேயே இராணுவத்தின் வசமானது. கிளிநொச்சி 1996 செப்டம்பரில் இராணுவத்திடமும் 1998 செப்டம்பரில் புலிகளிடமும் கைமாறியது. ஆகவே பத்தாண்டு முழுமைக்கும் ஒரே பதிவைப் பொருத்துதல் ஒரு பிழையை நீக்கி மற்றொன்றைப் புகுத்துவதாகும்.

இடமும் நாளும் தெளிவாகவுள்ள மருத்துவமனைப் பதிவேடுகள், நாளிதழ் அறிவித்தல்கள், கடிதங்கள் ஆகியவற்றை ஊர்தோறும் ஒப்பிட்டு ஆராய்வதே திருத்தத்திற்குரிய நெறி. அதுவரை இக்காலத்து வடபுல ஆவணங்களைப் பதிப்பிப்போர், மூலத்தில் உள்ள நேரத்தை மாற்றாது காத்தல் வேண்டும்.