சலங்கும் அடிமை ஏற்றுமதியும்

தமிழர் கடல்வாழ்வை ஆராயப் புகுவோர் நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி என்னும் சொற்களை நிரல்படுத்தி, சங்கச் செய்யுட்களினின்றும் சான்று காட்டிப் பெருமிதத்துடன் முடிப்பது வழக்கம். அம்முறை பயனற்றதன்று, ஆயின் முழுமையன்று என்பது எம் கருத்து. கலம் எவ்வாறு கட்டப்பட்டது என வினவுவோர், அது யாரைச் சுமந்தது எனவும் வினவுதல் வேண்டும்.

சென்னைக் கரைச் சலங்கினை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் அதனை மசூலாப் படகு என்றனர். ஆணி அறையாது, பலகைகளைத் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்து அமைத்த படகு அது. அலை மோதுங்கால் தையல் நெகிழ்ந்து கொடுத்தலின் உடையாது கரை சேரும். துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் சலங்கிலேயே சென்றுவந்தன.

இனி, மறுபக்கம் காண்போம். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி போராலும் பஞ்சத்தாலும் நலிந்தபோது, ஒல்லாந்தர் 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாக இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றினர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. சென்னையிலும் 1687ஆம் ஆண்டையொட்டிய பஞ்சக் காலத்தில் இவ்வாணிகம் பெருகிற்று. ஏற்றுமதியாகும் அடிமைகட்குப் புனித ஜார்ஜ் கோட்டையார் வரி தண்டினர். 1688இல் தடையும் விதித்தனர். அம்மக்களைக் கப்பலிற் சேர்த்தது எது? வேறு வழியின்மையின், சலங்கே எனக் கோடல் தவறாகாது.

இது துடுப்பு வலித்தோரைப் பழிப்பதாகாதோ எனின், ஆகாது. விலை பேசியோரும் வரி கொண்டோரும் வேறாவர். அடிமை முறையே ஐரோப்பியர் கொணர்ந்தது எனக் கூறி அமைதலும் பொருந்தாது. வறுமையால் தம்மையும் தம் மக்களையும் கோயிற்கு விற்றோரைச் சோழர்காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. உள்நாட்டில் இருந்த வழக்கினைக் கடல் வாணிகமாக விரித்ததே ஐரோப்பியர் செயல்.

தாம்பரம் சூழ்ந்த கல்லூரிகளின் மாணாக்கர்க்குத் திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள குப்பங்கள் தொலைவில் இல்லை. கண்ணாடியிழைப் படகுகள் பரவிவிட்ட இந்நாளில், முதியோர் நினைவில் எஞ்சும் படகுச் சொற்களை அவர்கள் தொகுத்தல் வேண்டும். அத்துடன் கோட்டை ஆவணங்களையும் ஒருங்குவைத்துப் படித்தல் வேண்டும். சொல்லைக் காத்து, அச்சொல் சுமந்த மாந்தரை மறக்கும் ஆராய்ச்சி குறையுடையதே. இரண்டினையும் கூறுதலே தமிழர் கடல் வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையாகும்.